பொருளாதார மீட்சியில் அரசு செய்வது என்ன, விலைகள் சொல்வது என்ன

கேள்வி இது: ஏறக்குறைய ஒரே மாதிரி அடி வாங்கியும் சில நாடுகள் 2 வருடத்தில் எழுந்துவிடுகின்றன, சில நாடுகள் 10 வருடம் ஆனாலும் தள்ளாடுகின்றன. அரசு பணத்தைக் கொட்டுவதால் மீட்சி வருகிறதா, சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறதா? மீட்சி தொடங்கிவிட்டது என்பதை எதைப் பார்த்துக் கண்டுகொள்வது?

நேரடியாகச் சொன்னால், அரசு எடுக்கும் முடிவு மக்களும் நிறுவனங்களும் நாளையைப் பற்றிப் போட்டு வைத்திருக்கும் கணக்கை மாற்ற வேண்டும். மாற்றினால் மீட்சி நகரும், மாற்றாவிட்டால் எத்தனை கோடி செலவழித்தாலும் நகராது. அந்தக் கணக்கு மாறியதா என்பது வெளியே தெரிகிற இடம்தான் விலைகள்: கடன்பத்திர வட்டி, நாணய மாற்று விகிதம், கச்சாப் பொருள் விலை, கடன் கொடுக்க வங்கி கேட்கும் கூடுதல் வட்டி. அதனால் அரசா சந்தையா என்று பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் கிடையாது. ஒருவர் பேசுகிறார், மற்றவர் பதில் சொல்கிறார். பதிலைக் காது கொடுத்துக் கேட்கிற அரசுதான் அடுத்த முடிவைச் சரியாக எடுக்கிறது.

இதை இரண்டு நிகழ்வுகளில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2012 ஜூலையில் ஸ்பெயின் அரசு 10 வருடக் கடனுக்கு 7.5 சதவீதம் வரை வட்டி கொடுக்க வேண்டியிருந்தது. யூரோ உடைந்துவிடும் என்ற பயம் அந்த வட்டிக்குள் ஏறியிருந்தது. ஜூலை 26 அன்று ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று லண்டனில் அறிவித்தார். செப்டம்பரில் அதற்கான கடன்பத்திரக் கொள்முதல் திட்டத்தின் விவரம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் ஸ்பெயினின் வட்டி 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அந்தத் திட்டத்தின் கீழ் ஒரு யூரோகூடச் செலவாகவில்லை. வாங்கும் வலிமை வரம்பில்லாமல் இருக்கிறது, தேவைப்பட்டால் வாங்கியே தீருவார்கள் என்று சந்தை நம்பியதே போதுமானதாக இருந்தது.

இதற்கு நேர் எதிர், 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அறிவித்த சிறு பட்ஜெட். நோக்கம் என்னவோ வளர்ச்சிதான். ஆனால் ஏறத்தாழ 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்புக்கு எங்கிருந்து பணம் வரும் என்று சொல்லவில்லை, சுயேச்சையான மதிப்பீட்டையும் கூடவே வெளியிடவில்லை. சில நாட்களில் 30 வருடக் கடன்பத்திர வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியது. வட்டி ஏறினால் பத்திரத்தின் விலை விழும். அந்தப் பத்திரங்களை அடமானமாக வைத்திருந்த ஓய்வூதிய நிதிகளிடம் கூடுதல் அடமானம் கேட்டார்கள். அதற்குப் பணம் திரட்ட அவை பத்திரங்களையே விற்றன, விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. செப்டம்பர் 28 அன்று இங்கிலாந்து வங்கி தலையிட்டு வாங்கத் தொடங்கிய பிறகே சுழல் நின்றது. மூன்று வாரத்தில் வரிக்குறைப்புகளில் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. செலவழிக்காத வாக்குறுதி ஒரு கண்டத்தின் வட்டியை இறக்கியது, கணக்குச் சொல்லாத வாக்குறுதி ஒரு நாட்டின் வட்டியை ஏற்றியது.

ஆனால் நம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது போதாது. முதலில் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்சித் திட்டங்கள் வீணாவதற்கு மிகப் பெரிய காரணம், நோய் ஒன்றாக இருக்க மருந்து வேறாக இருப்பதுதான். மக்கள் செலவு செய்யப் பயந்து தேவை சுருங்கியிருக்கலாம். வங்கிகளே ஓட்டையாகியிருக்கலாம். பொருள் வரும் பாதை அறுந்திருக்கலாம். வெளிநாட்டுச் செலாவணி வற்றியிருக்கலாம். தேவை சுருங்கியிருந்தால் வட்டிக் குறைப்பும் அரசுச் செலவும் பலன் தரும். பாதை அறுந்திருக்கும்போது அதே மருந்து விலையைத்தான் ஏற்றும்.

வங்கி உடைந்திருந்தால் என்ன செய்வது என்பதற்கு வரலாற்றில் நிறையப் பாடம் இருக்கிறது. 1933 மார்ச் 6 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொன்னார். 12ஆம் தேதி இரவு வானொலியில் பேசி, சோதனையில் தேறிய வங்கிகள் மட்டுமே திறக்கும், எது முதலில், எது பிறகு என்று விளக்கினார். 13ஆம் தேதி வங்கிகள் திறந்தபோது பணம் எடுக்க நின்ற வரிசை, பணம் போட நிற்கும் வரிசையாக மாறியது. பங்குச் சந்தை திறந்த மார்ச் 15 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முக்கியமானது மூடியது அல்ல, எது நல்லது எது கெட்டது என்று பிரித்துக் காட்டியது.

அந்தப் பிரித்துக் காட்டுதலைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணில் அறையும். ஸ்வீடன் 1992இல் வங்கிகளுக்கு முழு உத்தரவாதம் கொடுத்தது. ஆனால் உதவி கேட்கும் வங்கி கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும், நட்டத்தை முதலில் பங்குதாரர் தாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வாராக்கடன்களைத் தனியாகப் பிரித்து செக்யூரம் என்ற அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அயர்லாந்தும் 2008 செப்டம்பர் 30 அன்று ஏறத்தாழ 44,000 கோடி யூரோவுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அது நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் உள்ளே எவ்வளவு ஓட்டை என்று அளக்கும் முன்பே கொடுத்தது. வங்கிகளின் நட்டம் அப்படியே அரசின் தலையில் விழுந்து, 2010இல் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 32 சதவீதத்தைத் தொட்டது. அந்த நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கைநீட்ட வேண்டி வந்தது. இரண்டு நாடுகளுக்கும் கருவி ஒன்றுதான், வரிசைதான் வேறு.

ஜப்பான் மூன்றாவது வழியில் போனது. 1990களில் திருப்பித் தர முடியாத நிறுவனங்களுக்கு வங்கிகள் மேலும் மேலும் கடனைப் புதுப்பித்துக் கொடுத்தன. அந்த நிறுவனங்களை மூடவிட்டால் நட்டத்தைக் கணக்கில் காட்ட வேண்டுமே என்ற பயம். விளைவு, உயிரில்லாத நிறுவனங்கள் ஆட்களையும் முதலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, நன்றாக நடக்கும் நிறுவனத்துக்குக் கடனும் கிடைக்கவில்லை, சந்தையில் இடமும் கிடைக்கவில்லை. வட்டி பூஜ்ஜியத்துக்குப் போயும் அங்கே பொருளாதாரம் எழாததற்கு இது ஒரு பெரிய காரணம். வட்டி குறைந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கடன் எளிதாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

அமெரிக்கா 2009இல் செய்தது இந்தப் பாடத்தைக் கற்ற பிறகு. 19 பெரிய வங்கிகளைத் தாங்குதிறன் சோதனைக்கு உட்படுத்தி, மே 7 அன்று ஒவ்வொன்றின் பள்ளத்தையும் பெயரோடு வெளியிட்டார்கள். 10 வங்கிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 7,500 கோடி டாலர் தேவை என்றது முடிவு. வெளியே திரட்ட முடியாவிட்டால் அரசு தரும் என்ற உறுதியும் இருந்தது. தொகை தெரிந்தவுடன் தனியார் முதலீட்டாளர்களே பெரும்பகுதியைப் போட்டார்கள். எவ்வளவு ஆழம் என்று தெரியாத கிணற்றில் யாரும் இறங்குவதில்லை. அளந்து சொன்னால் இறங்குவார்கள்.

செலாவணி வற்றிய நெருக்கடிக்கு இலங்கை மிக அருகிலிருக்கும் எடுத்துக்காட்டு. ஒரு விலையை அரசு பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு குறைவு. 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டாலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியில் அந்த விலைதான். வங்கிக்கு வெளியே முகவர் மூலம் அனுப்பும் உண்டியல் வழியில் அனுப்பினால் அதே டாலருக்கு வெளிச்சந்தை விலை. குடும்பத்துக்கு நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும் வழியைத்தான் யாரும் எடுப்பார்கள், அதில் தேசப்பற்றுக் குறைவு எதுவும் இல்லை. 2020இல் 710 கோடி டாலராக இருந்த வரவு 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் விழுந்தது. இடையில் வங்கி வழியாக அனுப்பினால் டாலருக்கு 10 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்ததால் அது எடுபடவில்லை. எரிபொருளும் மருந்தும் வாங்க டாலர் தேவைப்பட்ட அதே மாதங்களில், தவறான விலையே டாலரை வங்கிக்கு வெளியே திருப்பிவிட்டது.

2022 மார்ச் 7 அன்று பிடியைத் தளர்த்தினார்கள், மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாயை எட்டியது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி உயர்வு 70 சதவீதத்தைத் தொட்டது. மக்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் விலை உண்மையைச் சொல்லத் தொடங்கியதும், அதை நம்பலாம் என்று தெரிந்ததும் 2023இல் அனுப்பும் பணம் ஏறத்தாழ 600 கோடி டாலராகத் திரும்பியது. 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம். வரவு உடனே திரும்பாமல் ஏறத்தாழ ஒரு வருடம் எடுத்ததைக் கவனிக்க வேண்டும். விலையை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம், கெட்டுப்போன பழக்கமும் நம்பிக்கையும் மெதுவாகத்தான் திரும்பும்.

இதே பாடம் நல்ல திசையில் நடந்தது 1948 ஜூன் 20 அன்று மேற்கு ஜெர்மனியில். அதுவரை பழைய விலையில், பழைய பணத்துக்கு விற்க யாருக்கும் மனம் இல்லை. பொருள் கிடங்கில் பதுங்கியிருந்தது, கடை காலியாக இருந்தது. புதிய நாணயம் தலைக்கு 40 மார்க் முதல் தவணையாக வழங்கப்பட்டது. அங்கே பொருளாதார நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்த லுட்விக் எர்ஹார்ட் கூடவே பெரும்பாலான பொருட்களுக்கு விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார். மறுநாளே கடைகளில் பொருள் நிறைந்தது. ஒரே இரவில் யாரும் அவற்றை உற்பத்தி செய்துவிடவில்லை, இருந்ததுதான் வெளியே வந்தது. இதைச் சுதந்திரச் சந்தையின் அற்புதம் என்று மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். வாடகை, நிலக்கரி, எஃகு, அடிப்படை உணவு ஆகியவற்றின் கட்டுப்பாட்டை எர்ஹார்ட் அப்போது தொடவில்லை. விலையேற்றத்தை எதிர்த்து அந்த நவம்பர் 12 அன்று பொது வேலைநிறுத்தமும் நடந்தது. விலையைப் பேச விடுவதும், அதனால் அடிபடுபவரைத் தாங்குவதும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். இரண்டாவதைச் செய்யாத அரசுக்கு முதலாவதைத் தொடர அரசியல் பலம் இருக்காது.

இனி, நேரம். முடிவு சரியாக இருந்தும் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான், அதிலும் ஆரம்பத்தைவிட விலகுவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். 1933க்குப் பிறகு வேகமாக மீண்டுகொண்டிருந்த அமெரிக்காவில் 1936 ஆகஸ்ட் முதல் 1937 மே வரை மூன்று தவணைகளில் வங்கிகளின் கட்டாய ரொக்க இருப்பை இரட்டிப்பாக்கினார்கள். 1936இல் முன்னாள் படைவீரர்களுக்குக் கொடுத்த பெரிய தொகை 1937இல் இல்லை, அதே வருடம் சமூகப் பாதுகாப்புக்கான ஊதிய வரி வசூலும் தொடங்கியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத் தெரியும். மூன்றும் ஒரே சமயத்தில் பிரேக்கை அழுத்தியதில் தொழில் உற்பத்தி ஒரே வருடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஜப்பான் 1997 ஏப்ரலில் நுகர்வு வரியை 3லிருந்து 5 சதவீதமாக்கியபோதும் இதே தவறு. அதே ஆண்டு ஆசிய நெருக்கடியும் உள்நாட்டு வங்கிச் சரிவுகளும் சேர்ந்துகொண்டன. ஐரோப்பிய மத்திய வங்கி 2011 ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியை ஏற்றிவிட்டு, அதே நவம்பரிலும் டிசம்பரிலும் இறக்க வேண்டியதாயிற்று. எண்ணெய் விலையால் ஏறிய பணவீக்கத்தைத் தேவையால் ஏறியதாகப் படித்ததன் விலை அது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2020–21இல் பல அரசுகள் கொடுத்த தொகை மிகப் பெரியது. அமெரிக்காவில் 2020 மார்ச் சட்டம் மட்டுமே 2.2 லட்சம் கோடி டாலர். கையில் காசு இருந்தது, சேவைகள் மூடியிருந்தன, எல்லோரும் பொருள் வாங்கினார்கள். கார்த் தயாரிப்பாளர்கள் 2020 வசந்தத்தில் சிப் ஆர்டர்களை ரத்து செய்திருந்தார்கள். தேவை திரும்பியபோது சிப் ஆலைகளின் திறனைக் கணினியும் மின்னணுப் பொருட்களும் பிடித்துக்கொண்டிருந்தன. புதிய கார் கிடைக்காததால் பழைய கார் விலை 2022 ஜனவரியில் முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் கூடுதல். அந்த ஒரு விலை, தடை இருப்பது பணத்தில் அல்ல, உதிரிப் பாகத்தில் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மேலும் பணம் ஊற்றினால் கார் கூடாது, விலைதான் கூடும். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டதில் போருக்கும் எரிசக்திக்கும் பங்கு உண்டு, இதற்கும் உண்டு.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதும் தொகை அளவுக்கு முக்கியம். தற்காலிக வரிக்குறைப்பு நாளை வாங்க இருந்ததை இன்று வாங்க வைக்கும். ஜெர்மனி 2020 ஜூலை முதல் டிசம்பர் வரை மதிப்புக் கூட்டு வரியை 19லிருந்து 16 சதவீதமாக்கியது. இப்படிப்பட்ட சலுகையில் பெரிய பொருட்கள் முடிவுத் தேதிக்கு முன் விற்றுத் தீரும், பிறகு பள்ளம் விழும். அமெரிக்காவில் 2009 கோடையில் பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்க 300 கோடி டாலர் கொடுத்ததில் ஏறத்தாழ 6.8 லட்சம் கார் விற்றது. அவற்றில் பெரும்பகுதி, அடுத்த சில மாதங்களில் எப்படியும் விற்றிருக்க வேண்டியவை. இது தவறு என்று சொல்ல முடியாது. ஆலை மூடாமல் அந்தச் சில மாதங்களைக் கடத்துவதுதான் நோக்கம் என்றால் வேலை செய்தது. நிலையான வளர்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்.

வேலையைக் காக்கும் திட்டங்களிலும் இதே கேள்வி எழும். ஜெர்மனியின் குறுகிய வேலைநேரத் திட்டத்தில் தொழிலாளர் வேலையில் நீடிப்பார், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை இருந்தால் 67 சதவீதத்தை அரசு தரும். 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். அமெரிக்கா பெரும்பாலும் வேலையிழப்பு உதவியை நம்பியதால் அங்கே வேலையின்மை அந்த மாதம் 14 சதவீதத்தைத் தாண்டியது. அதிர்ச்சி தற்காலிகமானது, பழைய வேலை திரும்பி வரும் என்றால் ஜெர்மன் வழி சிறந்தது. தொழிலே மாறிப்போகும் என்றால் அதே திட்டம் ஆளைப் போக வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கும். எந்தத் திட்டமானாலும் முடிவுத் தேதியும், படிப்படியாகக் குறையும் அளவும் முதல் நாளே சட்டத்தில் இருப்பது நல்லது. தேதியைவிட வேலையின்மை அளவோடு அதைக் கட்டிவைத்தால் 1937 போன்ற தவறு வராது.

இப்போது மீட்சியைக் கண்டுகொள்வது. ஜிடிபி, அதாவது நாட்டு மொத்த உற்பத்தி எண்ணுக்காகக் காத்திருந்தால் தாமதமாகும், அந்த எண்ணே பிறகு மாறும். 2008 கடைசிக் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டுக் கணக்கில் 3.8 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. திருத்தங்களுக்குப் பிறகு அது 8 சதவீதத்துக்கும் மேல். 2009 பிப்ரவரியில் ஊக்கச் சட்டத்தை இயற்றியவர்கள் கையில் இருந்தது பாதி ஆழத்தைக் காட்டும் அளவுகோல்.

சமிக்ஞைகள் ஒரு வரிசையில் வருகின்றன. முதலில் அசைவது கடன் சந்தை: நிறுவனக் கடனுக்கும் அரசுக் கடனுக்கும் இடையிலான வட்டி இடைவெளி சுருங்கத் தொடங்கும். பங்குச் சந்தை அதையொட்டி, சில சமயம் அதற்கு முன்பே, திரும்பும். பிறகு, நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்களிடம் மாதந்தோறும் கேட்டுத் தொகுக்கும் கொள்முதல் மேலாளர் குறியீடு. இதில் 50ஐத் தாண்டினால்தான் நல்லது என்று பலர் காத்திருக்கிறார்கள். 50 என்பது போன மாதத்தோடு ஒப்பிடும் எல்லைக்கோடு மட்டுமே. 35லிருந்து 44க்கு ஏறினாலே வீழ்ச்சியின் வேகம் தணிகிறது என்று பொருள். அதற்குள் புதிய ஆர்டர்கள் கையிருப்பைவிட வேகமாக ஏறுகின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். கிடங்கு காலியாகி ஆர்டர் கூடினால் ஆலை ஓடித்தான் ஆக வேண்டும். அடுத்து வேலை நேரம் கூடும், தற்காலிக ஆட்கள் வருவார்கள், கடைசியில்தான் நிரந்தர வேலை. வங்கிகள் கடன் நிபந்தனையைத் தளர்த்துகின்றனவா என்று மத்திய வங்கிகள் வெளியிடும் காலாண்டு ஆய்வை விட்டுவிடக் கூடாது. வட்டிக் குறைப்பு கடைசி மைல் வரை போய்ச் சேர்ந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

2009இல் இந்த வரிசை அப்படியே நடந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை மார்ச் 9 அன்று அடிமட்டத்தைத் தொட்டது. மந்தம் முடிந்தது ஜூனில். வேலையின்மை 10 சதவீத உச்சத்துக்குப் போனது அக்டோபரில். ஜூனில் மந்தம் முடிந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததோ 2010 செப்டம்பர் 20 அன்று.

பொய்யான சைகைகளும் வரும். 2022 ஜூலை முதல் அமெரிக்காவில் 2 வருட அரசுக் கடனின் வட்டி 10 வருடக் கடனின் வட்டியைவிட அதிகமாகவே ஏறத்தாழ 2 வருடம் நின்றது. மந்தத்தின் நம்பகமான அறிகுறி என்று பெயர் பெற்ற அது, அந்த 2 வருடத்தில் மந்தத்தைக் கொண்டுவரவில்லை. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்குப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 37 டாலருக்குப் போனது. அது சேமிக்க இடமில்லாத ஒரு கிடங்கு ஊரின், மறுநாள் காலாவதியாகும் ஒரு ஒப்பந்தத்தின் விலை, உலகத் தேவையின் விலை அல்ல. அதனால் ஒற்றை விலையை வைத்து முடிவுக்கு வராமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சந்தைகள் ஒரே திசையில் குறைந்தது இரண்டு மூன்று மாதம் நகர்கின்றனவா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

மீட்சியின் நடுவில் வேலையின்மை விகிதம் திடீரென ஏறினால் பதறவும் வேண்டாம். வேலை கிடைக்காது என்று தேடுவதையே நிறுத்தியிருந்தவர்கள் கணக்கில் வருவதில்லை. நிலைமை தேறுகிறது என்று அவர்கள் மறுபடி தேட இறங்கும்போது விகிதம் கூடும். கூடவே வேலை பார்ப்பவர்களின் மொத்த எண்ணிக்கையும் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.